கதவு எண் இல்லாத குடும்பம்

உணவுப் பங்கீட்டு விதிகளின்படி, குடும்பம் என்பது ஒரே கூரையின் கீழ் தங்கி ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்கள். அந்தக் கூரைக்கு ஒரு தெருப் பெயரும் கதவு எண்ணும் இருக்க வேண்டும். ஒருவர் பெயர் ஓர் அட்டையில்தான் இருக்கலாம். சந்தேகம் எழுந்தால் மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். மேலிடம் தாமதமின்றிப் பதில் தர வேண்டும். யுத்த காலத்தில் இந்த விதிகளை நான் ஆயிரம் பேருக்காவது வாசித்துக் காட்டியிருப்பேன். ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆன பிறகும் வரிசை மாறாமல் சொல்ல முடிகிறது. பேரன் பேத்திகளின் பிறந்த நாள்கள்தான் மறந்துபோகின்றன.

நான் அப்போது தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகிற சாலையில் இருந்த பங்கீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. கட்டிடம் அதற்கு முன்பு நிலாவாரை இலை ஏற்றுமதி செய்தவர்களின் சரக்குக் கிட்டங்கி. பேதிக்குக் கொடுக்கிற அந்த இலையின் வாசனை சுவரை விட்டுப் போகவே இல்லை. அரிசி கேட்டு வந்தவர்களை அந்த வாசனையில் நிற்கவைத்துத்தான் கேள்வி கேட்டோம். அடுத்த கட்டிடத்தில் முத்துக்குளிப்புக்கென்று ஒரு கோப்பு இருந்தது. அவ்வப்போது படகில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சிப்பி இன்னும் முற்றவில்லை என்று எழுதிக் கட்டி வைப்பார்கள். காத்திருப்பதில் எங்கள் கரைக்கு நல்ல பழக்கம் உண்டு.

1944 மாசி மாதம் ஒரு நாள், என் மேஜைக்கு முன்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் வந்து நின்றார். முழங்கை வரை இரும்புக் கறை. இடுப்பில் ஒரு சிறிய சுத்தியலைச் செருகியிருந்தார். அலுவலகத்துக்குள் ஆயுதம் கொண்டுவரக் கூடாது என்று விதி இருந்ததா என்று ஒரு கணம் யோசித்தேன். இல்லை.

"அட்டை வேணும்யா."

"எந்தத் தெரு?"

"இப்பம் வண்டிப்பேட்டையில கெடக்கோம்."

"கதவு எண் சொல்லு."

"கதவே கெடையாது. எண்ணை எங்கன ஒட்டுவிய?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற குமாஸ்தாவிடம் ஜனங்கள் சலுகை கேட்பார்கள் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"சொந்த ஊர் எது?"

"என்னைய எட்டயபுரம் சந்தையில பெத்தாவ. எங்க வீட்டுக்காரரு மாப்பிள்ளையூரணியில பொறந்தாரு. மூத்தவ கோயில்பட்டி ரோட்டுல. சின்னவன் பெரியதாழைக்குப் போற வழியில. எதைச் சொன்னா அரிசி போடுவியளோ, அதை எழுதிக்கிடுங்க."

அவர் என்னைப் பொய் எழுதச் சொல்லவில்லை. கையிலிருந்த நான்கு உண்மைகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். படிவத்தில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது.

அவர்கள் மாடுகளுக்கு லாடம் கட்டுகிற குடும்பம். இரண்டு கூண்டு வண்டிகளில் ஊர் ஊராகப் போவார்கள். கரிசல் காட்டில் உழவு மாடுகள், சந்தை நாள்களில் விற்பனை மாடுகள், மாசியிலிருந்து ஆனி வரை தூத்துக்குடிக்குப் பருத்தி ஏற்றி வருகிற வண்டி மாடுகள் என்று வருடம் முழுக்க ஒரு சுற்று. பெட்ரோல் தட்டுப்பாட்டில் லாரிகள் படுத்துவிட்டதால் துறைமுகச் சரக்கெல்லாம் அந்த மாடுகளின் குளம்பில்தான் நடந்துகொண்டிருந்தது. கரிசலில் சம்சாரிகள், அதாவது விவசாயிகள், லாடத்துக்குக் கூலியாகக் கம்பும் சோளமும் அளந்து போடுவார்கள். அந்த வருடம் வழியில் இருந்த சோதனைச் சாவடியில், அட்டையும் பெர்மிட்டும் இல்லாமல் தானியம் கொண்டுபோகக் கூடாது என்று மூன்று மூட்டையையும் இறக்கிக்கொண்டார்கள். ஊருக்குள் அட்டை இல்லாமல் அரிசி கிடையாது. அட்டைக்குக் கதவு வேண்டும். இப்படித்தான் அவர் என் முன்னால் வந்து நின்றார்.

எங்கள் அதிகாரியிடம் கொண்டுபோனேன். ஒல்லியான மனிதர், விதிப் புத்தகத்தை ஈரம் படாமல் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருப்பார்.

"வே, இதுல கூரை ரெண்டு இருக்கு. அடுப்பு ஒண்ணு இருக்கு, ஆனா அது நடக்குது" என்றார். "மேலிடத்துக்கு எழுதிக் கேளும். அட்டையை அவங்க கையோட கொண்டுபோகலாமா, எல்லா ஊர்லயும் செல்லுமான்னு கேளும். பதில் வார வரைக்கும் இங்க மட்டும் செல்லுற மாதிரி தற்காலிக அட்டை கொடுக்கலாம். ஸ்தல விசாரணைக்கு நீரே போயிட்டு வாரும்."

கடிதம் அன்றைக்கே போயிற்று. அதை எழுதியவன் நான்தான். இன்றைக்கு வாசித்தாலும் அதில் ஒரு பிழை காண முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிப்பேட்டைக்குப் போனேன். பருத்திப் பொதிகள் இறக்கிய வண்டிகள் ஏர்க்காலைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நின்றன. வடக்கு ஓரத்தில் பூவரச மரத்தடியில் இவர்களின் இரண்டு வண்டிகள். வீட்டுக்காரர் ஒரு மயிலைக் காளையைக் கயிறு போட்டுச் சாய்த்து, நான்கு கால்களையும் சேர்த்துக் கட்டி, கவட்டைக் கம்பில் தாங்க வைத்திருந்தார். அந்த அம்மாள் குளம்பைச் சீவி, லாடம் வைத்து, ஆணி இறக்கிக்கொண்டிருந்தார். மாட்டுக்குக் குளம்பு பிளந்திருப்பதால் ஒரு காலுக்கு இரண்டு லாடம், ஆக எட்டு. எட்டாவது ஆணி வரிசையை அடித்து முடிக்கும்வரை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. விசாரணைக்கு வந்த அரசாங்க ஊழியரை அதுவரை யாரும் அப்படி நிற்கவைத்ததில்லை. எனக்கு அது பிடித்திருந்தது என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

"சாப்பிடுங்க, பொறவு எழுதலாம்" என்றார்.

அரிசி இல்லை என்று மனுக் கொடுத்தவர்களின் பானையில் விசாரணைக்குப் போனவன் சாப்பிடலாமா என்பது பற்றி விதி எதுவும் சொல்லவில்லை. பானையில் இருந்த கம்புத் தானியம், வண்டிக்காரர்கள் ஆளுக்கு ஒரு கை போட்டது. மறுக்க வாயெடுப்பதற்குள் அலுமினியக் கும்பாவில் கம்மஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் என் முன்னால் வந்துவிட்டன. எங்கள் ஊர் தாமிரபரணிப் பாசனத்தில் நெல் விளைகிற ஊர். எங்கள் வீட்டில் கருவாடு வாசற்படி தாண்டியதில்லை. தாண்டவிட்டிருக்கலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் இடது கைக்காரன். சிறு வயதில் இடது கையைத் துண்டால் இடுப்போடு கட்டி உட்கார வைத்துத்தான் எனக்குச் சோறு போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிரம்பு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. வலது கையால் எழுத நன்றாகவே பழகிவிட்டேன். சாப்பிட மட்டும் வரவில்லை. நான் தங்கியிருந்த மெஸ்ஸில் என் இலையைச் சுற்றி எப்போதும் ஒரு சோற்று வட்டம் இருக்கும். அறை நண்பர்கள் அதற்குத் 'தீவு' என்று பெயர் வைத்திருந்தார்கள். எல்லாரும் எழுந்த பிறகு கடைசி ஆளாகச் சாப்பிடுவேன், வேகமாக, யாரும் வருவதற்குள் இடது கையால்.

கும்பாவிலிருந்து இரண்டாவது கவளம் மடியில் விழுந்ததும் அந்த அம்மாள் கேட்டார்:

"ஐயா, அது ஒங்க கையா, எரவல் வாங்கினதா?"

வீட்டுக்காரரின் தம்பிக்குப் புரையேறியது. நான், "எனக்கு இடது கைப் பழக்கம். ஆனா அந்தக் கையால சாப்பிடக் கூடாதுல்ல" என்றேன்.

"யாரு சொன்னா?"

"எல்லாரும்."

"எல்லாரும் இங்கன இல்லையே. நான் எந்தக் கையில சுத்தி அடிச்சேன்னு பாக்கலையா? ஆணி கோணிட்டுன்னு இதுவரைக்கும் ஒரு மாடும் சொல்லல."

அப்போதுதான் கவனித்தேன். இடது கை.

பட்டப்பகலில், பத்துப் பேர் பார்க்க, இடது கையால் சாப்பிட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. அவரவர் கும்பா அவரவருக்கு.

சாப்பிட்டதும் எல்லாரும் கும்பாவைக் கழுவி வண்டியின் முன்பலகையில் கவிழ்த்து வைத்தார்கள். நானும் வைத்தேன். அந்த அம்மாள் விரலால் தட்டி எண்ணினார். இது அவர்களின் பழக்கம். முன்பு ஒரு சந்தையில் கூட்டத்தில் ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வண்டி கட்டி இரண்டு மைல் போய்விட்டார்களாம். அதிலிருந்து தினமும் காலையில் கும்பாவை எண்ணாமல் மாட்டை அவிழ்ப்பதில்லை. அன்றைக்கு எத்தனை கும்பா கவிழ்கிறதோ அன்றைக்கு அத்தனை பேர் குடும்பம். வேறு கணக்கு அவர்களிடம் இல்லை.

நான் படிவத்தைப் பிரித்தேன். "குடும்பத்துல எத்தனை பேர்?"

"ஒம்பது."

எனக்குத் தெரிந்து எட்டு. அவர், வீட்டுக்காரர், அவர் தம்பி, தம்பி மனைவி, பிள்ளைகள் நால்வர்.

"ஒன்பதாவது யாரு?"

"ஒங்க கும்பாவை யாரு எண்ணுவா?"

நான் குடும்பம் என்பதற்கான விதியை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, ஒங்க இஷ்டத்துக்கு எழுதிக்கிடுங்க. என் கணக்கு தப்பாது" என்றார். எட்டு என்று எழுதினேன். முகவரிக் கட்டத்தில், 'வண்டிப்பேட்டை, வடக்கு ஓரம், பூவரச மரத்தடி'. கதவு எண் கட்டத்தில் ஒரு கோடு.

அட்டை கிடைத்தது. என் வேலை முடிந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அதற்கடுத்த வாரம் புதன்கிழமையும். பங்குனி பிறந்தபோது காலைச் சாப்பாடு தினமும் அங்கேதான். மெஸ்ஸில் யார் எந்தக் கிரேடு, யாருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. இங்கே எந்த மாடு உதைக்கும், எந்தக் கிணற்றில் உப்பு ஏறிவிட்டது, எந்தச் சாவடிக்காரனுக்கு எப்போது தூக்கம் வரும் என்று பேசினார்கள். பலமாகச் சிரிப்பது என் இயல்பு என்பதும் அங்கேதான் எனக்குத் தெரியவந்தது. முதலில் அந்த அம்மாள் என்னை 'ஐயா' என்றார். பிறகு 'தம்பி'. நான் 'நீ' என்று ஆரம்பித்து 'நீங்க'வுக்கு வந்து சேர்ந்தேன். இது சர்வீஸ் நடைமுறைக்கு நேர் எதிர்த் திசை.

சித்திரையில் எங்கள் அதிகாரி திடீர்ப் பரிசோதனைக்குக் கிளம்பினார். இல்லாத ஆள்களின் பெயரைச் சேர்த்து அரிசி வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள் என்று புகார். அப்படிப் பிடிபட்டால் அட்டை ரத்து, குடும்பத் தலைவர் மேல் வழக்கு. வெயில் கடுமை, ஆகையால் குடை பிடிக்க என்னை அழைத்துக்கொண்டார். முதல் இடம் வண்டிப்பேட்டை என்று அங்கே போய் இறங்கும்வரை எனக்குச் சொல்லவில்லை.

அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒன் குடும்பத்துல எத்தனை பேரு?" என்று கேட்டார்.

"ஒம்பது பேரு."

"அட்டையில எட்டுன்னுதானே இருக்கு?"

"எழுதினவரு தன்னைய விட்டுட்டு எழுதிட்டாரு. நான் அன்னைக்கே சொன்னேன்."

"எழுதினவரு யாரு?"

"அந்தா, ஒங்க பின்னால குடை பிடிச்சுக்கிட்டு நிக்காரே."

குடை கொஞ்சம் ஆடியிருக்க வேண்டும். அதிகாரியின் முகத்தில் வெயில் பட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த அம்மாளும் பார்த்தார். அவர் முகத்தில் கலக்கம் எதுவும் இல்லை. கேட்ட கேள்விக்கு அன்று காலையின் கணக்கைச் சரியாகச் சொன்னவரின் முகம் அது.

எனக்கு இரண்டு வழி இருந்தது. விசாரணைக்கு வந்தபோது மரியாதைக்கு ஒரு தடவை சாப்பிட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் அவர் பொய்க் கணக்குக் கொடுத்தவர் ஆவார். அட்டை போகும், எட்டுப் பேரின் அரிசி போகும். இல்லையென்றால் உண்மையைச் சொல்லலாம். மெஸ் அட்டையில் என் பெயர் ஏற்கெனவே இருந்தது. விதிகளை வாசித்துக் காட்டுகிறவனே இரண்டு குடும்பத்தில் இருக்கிறான் என்றால் வேலை போகலாம்.

"ஒன்பதாவது ஆள் நான்தான் சார்" என்றேன்.

அதிகாரி அட்டையை மறுபடியும் பிரித்துப் பார்த்தார். பிறகு, "நீரு எந்த அடுப்புவே?" என்று கேட்டார்.

"காலையில இங்க சார். மத்தியானமும் ராத்திரியும் மெஸ்."

"விதியில காலை, மத்தியானம்னு பிரிவு உண்டா?"

"இல்ல சார்."

"அப்ப ஒண்ணைச் சொல்லும்."

"இதைச் சொல்லுதேன் சார்."

"எந்தக் கூரை?"

வீட்டுக்காரர்தான் இரண்டாவது வண்டியின் கூண்டைக் காட்டினார். அவர் வாய் திறப்பதே அபூர்வம். "மழை வந்தா அதுல ஒரு ஆளுக்கு எடம் கெடக்கு" என்றார்.

அதிகாரி பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து அட்டையில் எட்டை அடித்து ஒன்பது என்று எழுதி, அங்கேயே கையெழுத்துப் போட்டார். என்னைக் காப்பாற்றுவதற்காகவா, தான் பரிசோதித்த முதல் இடத்திலேயே தன் அலுவலகத்தின் தவறு வெளிவராமல் இருப்பதற்காகவா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் மெஸ் அட்டையிலிருந்து என் பெயர் நீக்கப்பட்டது. விளக்கம் கேட்டு மெமோ வந்தது. விளக்கம் கொடுத்தேன். சர்வீஸ் புத்தகத்தில் ஒரு வரி ஏறியது, ஓய்வு பெறும்வரை கூடவே வந்தது. மேலிடத்துக்குப் போன கடிதத்தின் தொடர்ச்சியாக இன்னொரு கேள்வியும் அனுப்பினோம்: அரசு ஊழியர் ஒருவர் நிலையான முகவரி இல்லாத குடும்பத்தின் அங்கத்தினராக இருக்கலாமா? ஒரு கேள்விக்கே பதில் வராத இடத்துக்கு இரண்டு.

பெயர் நீக்கப்பட்ட அன்றிரவு மெஸ்ஸில் என்னை, "வாரும்வே லாடம், எந்தக் காலுக்கு?" என்று வரவேற்றார்கள். நான் இடது கையால் சாதத்தைப் பிசைந்தேன். இரண்டு பேர் இலையைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். ஒரு வாரத்தில் ஒருவர் திரும்பி வந்தார். இன்னொருவர் கடைசிவரை வரவில்லை. தீவு மறைந்துவிட்டது.

ஆனியில் பருத்தி வண்டிகள் நின்றன. வண்டிப்பேட்டை காலியாயிற்று. லாடம் கட்ட மாடு இல்லை. வழக்கமாக அவர்கள் கடற்கரை வழியாகத் தெற்கே பெரியதாழைப் பக்கம் போய், அங்கே ஒரு மாதம் இருந்துவிட்டு, மழைக்கு முன்னால் கரிசலுக்குத் திரும்புவார்கள். பெரியதாழையில் அந்த அம்மாளுக்கு ஒரு கூட்டுக்காரி இருந்தாள், மீன்காரி. சின்னவன் வழியில் பிறந்தபோது தலைச்சுமைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவனைக் கையில் ஏந்தியவள். ஒவ்வொரு வருடமும் பிள்ளையை அவளிடம் காட்டிவிட்டு வருவதாகப் பேச்சு.

"அவ பாத்துக்கிட்டு இருப்பா" என்பார். தினமும் காலையில் கேட்பார்: "காயிதம் வந்துட்டா?"

வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் ஒன்று அனுப்பினேன். அட்டை தூத்துக்குடியில் மட்டும்தான் செல்லும். கரிசலுக்குப் போனாலாவது சம்சாரிகள் தானியம் கொடுப்பார்கள்; ஆனால் அதுவரை வழிக்குக் கொண்டுபோகிற தானியத்தைச் சாவடியில் இறக்கிக்கொள்வார்கள். தெற்கே தேரி மணல், அங்கே எதுவும் விளையாது. அட்டை இருந்தால்தான் அரிசி. பேட்டையை விட்டுப் போகவும் முடியாமல், இருந்து செய்ய வேலையும் இல்லாமல் ஆடி பாதிவரை மரத்தடியில் கிடந்தார்கள். மாடுகள் நின்ற இடத்திலேயே நின்று கால் வீங்கின. வாரம் தவறாமல் அரிசி வந்தது. அந்த அம்மாளின் குரல்தான் நாளுக்கு நாள் தணிந்துகொண்டே போயிற்று. ஒரு நாள், "தம்பி, இந்த அரிசி எங்களைக் கட்டிப் போட்டுட்டு" என்றார். அதற்கு என்னிடம் விதி இல்லை.

ஆனால் வேறொரு விதி இருந்தது. அன்று மாலை புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். சரக்கு வண்டி ஓட்டுகிறவர் தன் வழிச் சாப்பாட்டுக்கு இரண்டு படி தானியம் பெர்மிட் இல்லாமல் கொண்டுபோகலாம் என்று ஓர் ஓரத்தில் இருந்தது. தன் வழிச் சாப்பாட்டை யாரோடு சாப்பிட வேண்டும் என்று அதில் சொல்லவில்லை. வண்டிப்பேட்டையில் மீதமிருந்தவர்களில் மூத்த வண்டிக்கார அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். அவர் இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"அப்ப எட்டு வண்டி சேந்து போனா பதினாறு படி. சாவடியைத் தாண்டி எறக்கிப் பொங்கிக்கிடலாம். அதானே ஐயா சொல்லுதிய?"

"நான் எதுவும் சொல்லல அண்ணாச்சி. விதியை வாசிச்சேன்."

"நல்லா வாசிச்சிய."

அப்படித்தான் அவர்கள் தூத்துக்குடியை விட்டுக் கிளம்பினார்கள், எட்டுச் சரக்கு வண்டிகளுக்கு நடுவே, வடக்கே பார்த்து. சரக்கு வண்டிகள் கரிசலுக்குத்தான் போகும்; பெரியதாழைக்குப் போகாது. கூடப் போகிறவர்களின் பாதைதான் இனிப் பாதை. அந்த அம்மாள் அட்டையை என் கையில் கொடுத்தார்.

"நீயே வச்சிக்க. ஒன் பேரும்தான் இருக்குல்லா."

"நீங்க வர வரைக்கும் பத்திரமா இருக்கும்."

"ஏலே, அட்டையைச் சொல்லல. நேரத்துக்குத் தின்னு."

அதுதான் முதல் 'ஏலே'. எங்கள் வீட்டில்கூட என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. பட்டம் வாங்கிய பிள்ளை ஆயிற்றே.

தொடர்ந்து இரண்டு வாரம் பொருள் வாங்காத அட்டை காலாவதி ஆகும். ஆகையால் சனிக்கிழமைதோறும் வரிசையில் நின்று அந்த அட்டையில் என் ஒருவன் பங்கை மட்டும் வாங்கி, மெஸ் பானையில் போட்டேன். மற்ற எட்டுப் பெயருக்கும் நேரே 'வெளியூர்' என்று எழுதினேன். குடும்பத்தில் ஒருவர் வெளியூர் போனால் அப்படி எழுதலாம். எட்டுப் பேரும் போனால் எழுதக் கூடாது என்று இல்லை. கடைக்காரர், "என்ன சார், உங்க குடும்பம் இன்னும் திரும்பலையா?" என்று வாராவாரம் கேட்பார். கேலிக்காகத்தான். நான், "மாசியில வருவாங்க" என்று பதில் சொல்வேன். சொல்லச் சொல்ல அது பதிலாகவே ஆகிவிட்டது.

அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் தெரியும். வண்டிக்காரர்கள் சொல்லுவார்கள். எட்டயபுரம் சந்தையில் மூத்தவளுக்குக் காய்ச்சல், தேறிவிட்டாள். வீட்டுக்காரருக்கு ஒரு காளை விலாவில் உதை கொடுத்தது. செய்தி மூன்று நாளில் வந்துவிடும், நான் சொன்ன மறுமொழி அடுத்த மூன்று நாளில் போய்விடும். அதற்குத் தபால்தலை கிடையாது, நகல் கிடையாது, கோப்பு எண் கிடையாது. ஒன்றுகூடத் தவறியதில்லை.

1945 மாசியில் வந்தார்கள். அட்டை உயிரோடு இருந்தது. பூவரச மரத்தடி, ஒன்பது கும்பா. "காயிதம் வந்துட்டா?" இல்லை. ஆனியில் மறுபடியும் வடக்கே போனார்கள். 1946 மாசியிலும் அப்படியே. இரண்டாவது, மூன்றாவது நினைவூட்டுக் கடிதங்கள் போயிருந்தன. யுத்தம் முடிந்திருந்தது. பங்கீடு முடியவில்லை.

அந்த வருடம் அந்த அம்மாள் கொஞ்சம் கசப்பாகப் பேசினார். வண்டிக்காரர்களைக் குறை சொல்லவில்லை. "தாயா பிள்ளையாத்தான் இருக்காவ. ஆனா நான் நிக்கணும்னு நெனைக்க எடத்துல நிக்க முடியல பாரு. அவன் மாட்டை அவுத்தா நானும் அவுக்கணும். பெரியதாழைக்குப் போயி மூணு வருசமாகப் போவுது. சின்னவனுக்கு அவ மொகம் மறந்தே போச்சு. அவளுக்கு இவன் மொகம் எப்படித் தெரியும்?" என்றார். பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அன்றைக்கு அவர் அடித்த ஆணிச் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது.

நான் நான்காவது நினைவூட்டல் எழுதினேன். அதில் ஒரு வாக்கியம் நடைமுறைக்குப் புறம்பானது. 'மனுதாரரின் சிநேகிதி காத்திருக்கிறார்' என்று எழுதியிருந்தேன். அதிகாரி சிவப்பு மையை எடுத்தார். வாசித்தார். அடிக்காமல் மையை மூடிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அவர்கள் ஆனியில் போனார்கள். ஆடி, ஆவணி, புரட்டாசி. ஐப்பசி மழையில் துறைமுகச் சாலை உப்புச் சேறாயிற்று. தோணிகள் வெளியே போகவில்லை. ஐப்பசி போய்க் கார்த்திகை பிறந்த சில நாளில், காலைத் தபாலில் ஒரு நீளமான பழுப்பு உறை வந்தது. எங்கள் கோப்பு எண்தான். முதல் கடிதத்திலிருந்து நான்காவது நினைவூட்டல் வரை எல்லாவற்றையும் பார்வையில் குறிப்பிட்டிருந்தார்கள். அடியில் இரண்டே பத்தி. மேற்படி குடும்பத்தினர் எந்த நாளில் எந்த ஊரில் தங்கியிருக்கிறார்களோ, அந்த நாளில் அந்த ஊர்வாசிகளாகவே கருதப்படலாம். அவர்களது அட்டை ஜில்லா முழுவதும் செல்லும். அரசு ஊழியர் பற்றிய இரண்டாவது கேள்வி பரிசீலனையில் உள்ளது.

முதல் பத்தியை மூன்று தரம் வாசித்தேன். இதைவிடச் சரியாக அவர்களைப் பற்றி நானும் எழுதியிருக்க முடியாது. யாரோ ஒருவர், எங்கோ ஒரு மேஜையில், பூவரச மரத்தையே பார்க்காமல் எழுதியிருந்தார்.

உத்தரவைப் படியெடுத்தேன். இடது கையால். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது, முத்திரை வைத்ததும் சரியாகிவிட்டது. அட்டையில், 'ஜில்லா முழுவதும் செல்லும்' என்று எழுதி அதிகாரியிடம் கையெழுத்து வாங்கினேன். இரண்டையும் எண்ணெய்த் துணியில் சுற்றினேன். துணியை அவர்தான் விதிப் புத்தகத்திலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார். வண்டிப்பேட்டையில் மழைக்கு ஒதுங்கியிருந்த அண்ணாச்சி மத்தியானம் எட்டயபுரத்துக்கு வண்டி கட்டுவதாக இருந்தார்.

"ஒங்க பேரும் இதுல இருக்கே. இங்க சாப்பாட்டுக்கு என்ன செய்விய?" என்று கேட்டார்.

"மெஸ்ஸில மனுக் கொடுத்திருக்கேன் அண்ணாச்சி. நான் வெளியூர்னு அவங்களை எழுதிக்கிடச் சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே பொதியைத் தலைப்பாகைக்குள் வைத்து முடிந்தார். மூன்று நாளில் அது போய்ச் சேர்ந்துவிடும். அதற்கு மேல் தெற்கே எந்தப் பாதை, எந்த இடத்தில் எத்தனை நாள் என்பதெல்லாம் அந்த அம்மாளின் பாடு. நான் அலுவலகத்துக்குத் திரும்பி வந்து, நடைமுறைப்படி அசலைக் கோப்பில் சேர்த்து, வரவுப் பதிவேட்டில் பதில் வந்த நாளை எழுதினேன்: 1946 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை.